சின்னக்குழந்தை ஓடிய ஐந்து ஓட்டம்

பெயர் சின்னக்குழந்தை. வயது நாற்பத்தெட்டு. இந்தப் பெயரை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் எப்படித்தான் காலம் தள்ளினானோ என்று மலைக்குக் கீழே இருக்கும் கீழ்நாட்டுக்காரர்கள் கேட்டுச் சிரிப்பார்கள். ஜவ்வாது மலையில் அத்திக்கொல்லை என்கிற இருபத்திரண்டு வீட்டு ஊரில் யாரும் சிரித்ததில்லை. அங்கே அவனுக்கு வேறு கெட்ட பெயர் உண்டு. உட்காரத் தெரியாதவன் என்பார்கள். களி தின்னும்போதும் ஒரு முழங்காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, யாரோ கூப்பிட்டுவிட்டார்கள் என்பதுபோலத்தான் தின்பான். சாமைக் கொல்லையில் களை எடுக்கப் போனால் இந்த மூலையில் நாலு, அந்த மூலையில் நாலு பிடுங்கிவிட்டு, நடுவில் அப்படியே விட்டுவிட்டு வந்து நிற்பான். அவன் பெண்டாட்டி மங்கம்மாள் தலையில் அடித்துக்கொள்வாள். "இந்த மனுசனுக்குக் காலுக்குள்ள எறும்பு பூந்துகினு கீது" என்பாள்.

அவள் சொன்ன அந்தக் காலுக்குத்தான் மலையில் மரியாதை. சாவு சொல்வது அவன் வேலை. அவன் அப்பன் செய்தது, பதினேழு வயதிலிருந்து அவன் செய்வது.

வேலை எப்படி என்று கேட்டால் இப்படித்தான். அத்திக்கொல்லையில் ஒரு உயிர் போனால், சின்னக்குழந்தை தலையில் கட்டிய துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு, வெறுந்தலையோடு, ஊருக்கு மேலே இருக்கும் முதுகுப்பாறையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடுவான். பள்ளத்துக்கு அந்தப் பக்கம் எதிர்ச்சரிவில் நாலு ஊர். நாலு ஊர்க்காரர்களுக்கும் அந்தப் பாறை தெரியும். வெறுந்தலையோடு ஒருவன் ஓடுவதைப் பார்த்ததுமே ஏர் ஓட்டுகிறவன் மாட்டை அவிழ்த்துவிடுவான், அடுப்பு மூட்டியவள் தண்ணீர் ஊற்றி அணைத்துவிடுவாள். வீட்டுக்கு ஒரு படி சாமையை மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். யார் செத்தது என்பது வந்தபிறகுதான் தெரியும். ஒரு ஓட்டம் ஒரு சாவு. வாந்திபேதி வந்த வருஷம் ஒரே நாளில் மூன்று முறை ஓடியிருக்கிறான். மூன்று பிணத்துக்கும் சரியாகச் சாமை வந்து சேர்ந்தது. பாறை தெரியாத ஊர்களுக்கு நேரிலேயே போவான். நெல்லிவாசல்நாடு வரைக்கும் ஒருமுறை விடிய விடிய ஓடிப்போய்ச் சொல்லியிருக்கிறான்.

இந்த முப்பத்தோரு வருஷத்தில் அவனைப் பார்த்து "நெசமா?" என்று ஒருத்தர் கேட்டது கிடையாது. அவன் ஓடினால் எதிர்ச்சரிவு எழுந்து நடக்கும். இருக்கும் ரெண்டு ஏக்கர் கொல்லையும் பாறை. சொத்து என்று அவனிடம் இருந்தது இது ஒன்றுதான், அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது. இருக்கட்டுமே, இல்லாதவனுக்கு அதுகூட இருக்கக் கூடாதா?

எண்பத்தாறாம் வருஷம் ஆனி மாதம் சினிமாக்காரர்கள் வந்தார்கள்.

அழைத்து வந்தவன் சந்தவாசல் ஜீப்காரன் தங்கவேல். வாய் மூடாத ஆள். டெலிவிஷன் செய்தியைக் கிண்டல் பண்ணி ஒரு சிரிப்புப் படம் வந்ததாம், பட்டணத்தில் நூறு நாள் ஓடியதாம், அதற்கு இப்போது இரண்டாம் பாகம் எடுக்கிறார்களாம். "மொத படத்துல இன்னான்னா, கோட்டு போட்டுகினு ஒருத்தர் நியூஸ் படிப்பாரு. பின்னாடி அவரு ஸ்டேஷனே பத்திகினு எரியும். இவரு பாட்டுக்கு, நாட்டுல ஒரு கொறையும் இல்லன்னு படிச்சுகினு இருப்பாரு. ஜனம் வுழுந்து வுழுந்து சிரிச்சுது" என்றான் தங்கவேல். இரண்டாம் பாகத்தில் அந்தக் கோட்டுக்காரரை வேலையை விட்டுத் துரத்திவிடுகிறார்களாம். அவர் மேசையைத் தூக்கிக்கொண்டு மலைக்கு வந்து, பாறைமேல் உட்கார்ந்து யாருமில்லாத காட்டுக்குச் செய்தி படிக்கிறாராம். எல்லோரும் சௌக்கியம் என்று அவர் படிக்கப் படிக்க, பின்னால் மலைக்காரன் ஒருவன் சாவு சொல்ல ஓட வேண்டும்.

"நீ ஓடு, போதும். வாயே தொறக்க வேணாம்" என்றான் தங்கவேல்.

சின்னக்குழந்தைக்கு டெலிவிஷன் புதிதல்ல. கலசப்பாக்கம் மண்டியில் புளி போடப் போனபோது ஒரு ஆபீஸ் வாசலில் பார்த்திருக்கிறான். ஒருவர் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, காகிதத்தைக் குனிந்து பார்த்து, எங்கோ பஸ் கவிழ்ந்து பதினேழு பேர் செத்ததைச் சொன்னார். சொல்லி முடித்த அதே மூச்சில் பந்தாட்டத்துக்குப் போய்விட்டார். கூட்டத்தில் ஒருவன்கூட எழுந்திருக்கவில்லை. சின்னக்குழந்தைக்கு வந்ததே கோபம்! "குந்திகினு சாவு சொல்றான் பாரு, வெக்கங்கெட்டவன்" என்று உரக்கவே சொல்லிவிட்டு வந்தான். அந்த ஆளைக் கிண்டல் பண்ணிப் படம் என்றதும் அவனுக்கு உள்ளுக்குள் குஷியாகிவிட்டது.

மங்கம்மாள்தான் முட்டுக்கட்டை போட்டாள். "யாரும் சாவாம நீ ஓடுவியா? எதிர்ச்சரிவுல கண்ணு கீதா, அவிஞ்சு போச்சா?"

"தலையில துண்டு கட்டிகினு ஓடுவேன், புள்ள. துண்டு தலையில கீதுன்னா சாவு இல்லன்னு அர்த்தம். இதுகூடத் தெரியாதா அவங்களுக்கு?"

அது நல்ல யோசனைதான். மங்கம்மாளால்கூடக் குறை சொல்ல முடியவில்லை. ஊர்ப் பெரியவர் கோபால்சாமியும் கேட்டுவிட்டு, "துண்டு தலையில இருக்கட்டும், அப்புறம் இஷ்டம்போல ஓடு" என்று சொல்லிவிட்டார். ஆனாலும் அன்று முழுக்க அவன் ஒரு இடத்தில் நிற்கவில்லை. துண்டை அவிழ்த்தான், கட்டினான், இறுக்கினான், மறுபடி அவிழ்த்தான். கயிறு போட்டுக் கட்டட்டுமா என்றுகூட மங்கம்மாளிடம் கேட்டான். அவள் முறைத்தாள்.

காலையில் பாறைமேல் மேசை போட்டாகிவிட்டது. கோட்டும் டையும் போட்டுக்கொண்டு சிரிப்பு நடிகர் லட்சுமணன் வியர்க்க வியர்க்க உட்கார்ந்திருந்தார். டைரக்டர் தொப்பி வைத்த ஒல்லி மனிதர். "உங்க வழக்கப்படி எப்படி ஓடுவீங்களோ, அப்படியே ஓடுங்க" என்று மரியாதையாகத்தான் சொன்னார். தலைப்பாகையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அவர்மேல் பழி போட முடியாது.

சின்னக்குழந்தை ஓடினான். லட்சுமணன், "இன்று நாட்டில் எவரும் இறக்கவில்லை. இறந்தவர்களும் நலமாக இருக்கிறார்கள்" என்று படித்தார். நின்றவர்கள் எல்லோரும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள்.

"இன்னொரு தடவை" என்றார் டைரக்டர். மேகம் வந்துவிட்டதாம்.

ஓடினான். மூன்றாவது முறை லட்சுமணன் சிரித்துவிட்டார். நான்காவது முறை காகிதம் பறந்துபோனது. சின்னக்குழந்தைக்கு அலுப்பே இல்லை. சொல்லப்போனால் இத்தனை சந்தோஷமாக அவன் அந்தப் பாறைமேல் ஓடியதே கிடையாது. எப்போதும் நெஞ்சில் ஒரு பிணத்தைச் சுமந்துகொண்டல்லவா ஓடுவான்? ஐந்தாவது ஓட்டம் முடிந்ததும் டைரக்டர் கையைத் தட்டினார். எல்லோரும் தட்டினார்கள். சின்னக்குழந்தை பல்லெல்லாம் தெரியச் சிரித்து, முகத்தைத் துடைக்கத் தலைத் துண்டை இழுத்தான்.

கையில் மயிர்தான் அகப்பட்டது.

துண்டு இடுப்பில் இருந்தது. கச்சிதமாக, இரண்டு சுற்றுச் சுற்றி, இடப்பக்கம் முடிச்சுப் போட்டு. யாரும் கட்டிவிடவில்லை. முப்பத்தோரு வருஷமாக அந்தப் பாறையில் கால் வைத்ததும் கை என்ன செய்யுமோ அதைச் செய்திருக்கிறது. முதல் ஓட்டத்திலேயே அவிழ்த்ததா, எப்போது அவிழ்த்தது என்று அவனுக்கே தெரியவில்லை.

எதிர்ச்சரிவைப் பார்த்தான். நாலு ஊரிலிருந்தும் எறும்பு வரிசைபோல ஆட்கள் இறங்கிக்கொண்டிருந்தார்கள். சாதாரணமாக வருகிற கூட்டமா அது! ஊரே காலியாகி வந்தது. பறைச்சத்தம்கூடக் கேட்டது.

"ஐயோ, அஞ்சு!" என்றான் சின்னக்குழந்தை.

தங்கவேலுக்குப் புரியவில்லை. "இன்னாய்யா அஞ்சு?"

"அஞ்சு வாட்டி ஓடிட்டேன்டா பாவி. அத்திக்கொல்லையில அஞ்சு பேரு செத்துட்டாங்கன்னு வர்றாங்க!"

அடுத்த நொடி அவனுக்கு மகள் ஞாபகம் வந்தது. நாலு ஊரில் ஒன்று ஊத்துக்கொல்லை. அங்கேதான் அவன் மகள் பாஞ்சாலையைக் கட்டிக் கொடுத்திருந்தது. இப்போது எட்டு மாதக் கர்ப்பம். முன்னால் இரண்டு தங்கவில்லை. இந்த முறை படியிறங்கக் கூடாது, பாரம் தூக்கக் கூடாது என்று நர்சம்மா சொல்லி, மாமியார் பெரியம்மாள் அவளைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறந்த ஊரில் ஐந்து சாவு என்றால் அவள் வீட்டில் கிடப்பாளா? அந்தச் செங்குத்துப் பாதையில் அழுதுகொண்டே உருண்டு வருவாளே!

ஓட வேண்டும். ஒரு அடி எடுத்து வைத்தவன் அப்படியே நின்றான். எப்படி ஓடுவது? ஓடினால் ஆறு.

சாவு சொல்ல மலையில் வழி இருக்கிறது. சாகவில்லை என்று சொல்ல வழி இல்லை. அவன் அப்பன் அதைச் சொல்லித்தரவில்லை, அப்பனுக்கும் தேவைப்பட்டிருக்காது. சின்னக்குழந்தை இடுப்புத் துண்டைப் பிடுங்கித் தலையில் கட்டினான். சமையலுக்கென்று சினிமாக்காரர்கள் வாங்கிக் குவித்திருந்த பலாப்பழங்களில் ஒன்றைத் தூக்கித் தலைமேல் வைத்தான். சாவு வீட்டிலிருந்து எவனாவது பலாப்பழம் தூக்கி வருவானா? அதைப் பார்த்தாவது புரியட்டும்.

பாதி வழி எதிர்ச்சரிவுக்கு நன்றாகத் தெரிகிற வழி. அதில் அவன் நடந்தான். வாழ்க்கையில் அப்படி நடந்ததில்லை. கால் இரண்டும் பறக்கின்றன, இவன் பல்லைக் கடித்துப் பிடித்து நிறுத்துகிறான். ஒரு அடி. இன்னொரு அடி. பலாப்பழப் பால் கழுத்தில் ஒழுகியது. "மெதுவாடா, மெதுவாடா" என்று தன் காலோடு பேசிக்கொண்டே போனான். கண்ணில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது.

எதிரே முதல் கூட்டம் வந்துவிட்டது. முன்னால் வந்தவர் அவனுக்கு மாமன் முறை, ரங்கசாமி. "யார் யாருப்பா? அஞ்சு பேருமா?"

"யாரும் சாவல மாமா. சினிமா. சும்மா ஓடினேன்."

ரங்கசாமி அவன் கண்ணீரைப் பார்த்தார். தலைமேல் இருந்த பலாப்பழத்தைப் பார்த்தார். பின்னால் திரும்பிக் கூட்டத்திடம், "பாவம், வூட்ல எல்லாருமே பூட்டாங்க போல கீது. புத்தி கலங்கிப் போச்சு" என்றார். பெண்கள் ஓவென்று அழ ஆரம்பித்தார்கள். ஒருத்தி வந்து அவன் தாடையைத் தடவினாள். சின்னக்குழந்தைக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. பேசிக்கொண்டிருக்க நேரமில்லை. ஒதுங்கி இறங்கினான்.

ஓடைக்குப் பக்கத்தில் காடு மறைக்கிற இடம் வந்ததும் பலாப்பழத்தை வீசிவிட்டுப் பாய்ந்தான். இரண்டு திருப்பம்கூடப் போயிருக்க மாட்டான். ஓடைக் கரையில் பாஞ்சாலை உட்கார்ந்திருந்தாள். இரண்டு கையாலும் வயிற்றைத் தாங்கிக்கொண்டு, மூச்சு வாங்கிக்கொண்டு. பெரியம்மாள் அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

ஓடிவந்த அப்பனைப் பார்த்ததும் பாஞ்சாலை அலறினாள். "அம்மாவா? ப்பா, அம்மாவா?"

"யாரும் இல்ல கண்ணு. ஒருத்தரும் சாவல. அம்மா வூட்லதான் கீது. களி கிண்டிகினு கீது."

"பொய் சொல்றே."

"நெசம்மா."

"மாசமா கீறேன்னு மறைக்கிறே. சொல்லுப்பா, தாங்கிக்கிறேன். அம்மாதானே?"

பெரியம்மாள் அவனுக்குக் கண்ணைக் காட்டினாள். நல்லபடியாகத்தான் சொன்னாய் என்பதுபோல. பிறகு அவனைக் கொஞ்சம் தள்ளி இழுத்துப் போய், காதோரம், "அவளுக்குத் தெரிய வேணாம் அண்ணா. எனக்கு மட்டும் சொல்லு. எத்தினி பேரு?" என்றாள்.

அவன் சொல்லுக்கு மலையே எழுந்து வரும். அவன் பெற்ற மகள் அவன் சொல்லை நம்பவில்லை.

பாஞ்சாலை எழுந்து நிற்கப் பார்த்தாள். மேலே போய் அம்மா முகத்தைப் பார்த்தே தீருவேன் என்றாள். இனி ஏற்றம். விட்டால் ஏறியே விடுவாள். சின்னக்குழந்தை அவள் காலைப் பிடித்துக்கொண்டான். அப்பன் மகள் காலைப் பிடிப்பதா என்று பெரியம்மாள் பதறினாள். "குந்து தாயி, எங்கயும் நவராதே. நான் போய் உங்கம்மாவ இட்டுகினு வர்றேன். நான் வராட்டி அப்புறம் நீ ஏறு" என்று கெஞ்சினான்.

வந்த வழியே ஓடினான். பார்க்கிறவன் பார்க்கட்டும் என்று மறைவில்லாத பாதையிலும் ஓடினான். ஒரு கையால் தலைத் துண்டை அழுத்திப் பிடித்துக்கொண்டே ஓடினான், அந்தக் கை அதை அவிழ்த்துவிடுமோ என்ற பயம்.

ஊரில் கூத்து வேறு மாதிரி நடந்துகொண்டிருந்தது. பிணத்தைத் தேடி வீடு வீடாக நுழைந்த ஜனம் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுதது. பிணம் இல்லை என்றதும் திட்டியது. அதைப் படம் பிடிக்கக் கேமராவைத் திருப்பியிருக்கிறார்கள். மேசையருகே இருந்த லட்சுமணன்தான் எழுந்துபோய்க் கேமரா முன்னால் நின்றுகொண்டு, டையைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, "வேணாம்யா, இது நிஜ அழுகை" என்றாராம். சின்னக்குழந்தை எதையும் பார்க்கவில்லை. களிக் கரண்டியோடு நின்ற மங்கம்மாள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினான். வழிநெடுக அவள் அவனையும் அவன் அப்பனையும் சினிமாவையும் திட்டிக்கொண்டே வந்தாள்.

பாஞ்சாலை அம்மாவைப் பார்த்தாள். ஓடி வரவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே இருந்துகொண்டு மங்கம்மாளின் கையை, கரண்டியை, முகத்தை எல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அவள் தோளில் பட்பட்டென்று அடித்தாள். அழுது தீர்ந்தபிறகு அப்பன் பக்கம் திரும்பினாள்.

"யாரும் சாவலன்னா நீ இன்னாத்துக்கு ஓடினே?"

"சிரிக்கறதுக்கு" என்றான் சின்னக்குழந்தை.

"யாரு சிரிக்கறதுக்கு?"

"கீழ்நாட்டுல. சினிமா கொட்டாயில."

"அம்மா செத்துட்டான்னு அழுதேம்ப்பா" என்றாள். அவன் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் ஓடைத் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

ஆவணியில் அவளுக்குப் பெண் பிறந்தது. இரண்டு உயிரும் சுகம். புரட்டாசியில் தங்கவேல் வந்து, படம் வந்துவிட்டது, ஆனால் பாறைமேல் எடுத்ததையெல்லாம் வெட்டிவிட்டார்களாம், நீளம் கூடிவிட்டதாம் என்று சொல்லிவிட்டுப் போனான். எதிர்ச்சரிவு ஊர்களில் சின்னக்குழந்தையைக் கண்டால், "இன்னிக்கு எத்தினி பேரு?" என்று கேட்டுச் சிரிக்க ஆரம்பித்திருந்தார்கள். அவனும் கூடவே சிரித்து வைத்தான். வீட்டுக்கு வந்தால் தூக்கம் வராது. அடுத்த சாவு எப்போது வருமோ, வந்தால் எவன் எழுந்து வருவானோ என்று வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்தபடியே இருப்பான்.

தை மாதம் அது வந்தது. ஊர்ப் பெரியவர் கோபால்சாமி விடிகாலையில் போய்ச் சேர்ந்தார்.

சின்னக்குழந்தை துண்டை இடுப்பில் கட்டினான். இந்த முறை அவனே, தெரிந்து, கட்டினான். முதுகுப்பாறையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடினான். ஓடி முடித்துவிட்டு எதிர்ச்சரிவைப் பார்த்தான். ஆட்கள் களத்துமேட்டுக்கு வந்து நின்றார்கள். நெற்றியில் கை வைத்துப் பார்த்தார்கள். யாரும் இறங்கவில்லை. நெசமா சினிமாவா என்று தெரியாமல், அவன் இன்னொரு தரம் ஓடுவானா என்று காத்திருந்தார்கள். அவனாலோ இன்னொரு தரம் ஓட முடியாது. ஒரு ஓட்டம் ஒரு சாவு.

போய் வாயால் சொல்வதைத் தவிர வேறு வழியில்லை. கெஞ்சிக் கூத்தாடிக் கூப்பிட வேண்டியதுதான். பெரிய மனுஷர் பிணம், சாமையில்லாமல், தூக்க ஆளில்லாமல் கிடக்கப் போகிறதே என்ற நினைப்போடு வேகமாக நடந்தான். பள்ளத்தில் இறங்கி ஓடையை நெருங்கினான்.

எதிரே பாஞ்சாலை வந்துகொண்டிருந்தாள். இடுப்பில் குழந்தை, தலையில் சாமை மூட்டை. பின்னால் பெரியம்மாள்.

அவன் மூச்சு வாங்கியபடி நின்றான். "ஊரே நின்னு வேடிக்கை பார்க்குது. நீ எப்பிடிம்மா கெளம்பினே? உனக்குத்தானே நான் செஞ்சது…"

பாஞ்சாலை குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள். "பொய்யா இருந்தா திரும்பிப் போய்ட்டுப் போறேன். நெசமா இருந்து நான் வரலன்னா இன்னாப்பா பண்றது?" என்றாள். பிறகு, "யாரு?" என்று கேட்டாள்.

சின்னக்குழந்தை பெயரைச் சொன்னான்.